லிப்பிடீமா உள்ள பெண்களுக்கு வலியையும் வீக்கத்தையும் கூட்டக்கூடிய உணவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொழுப்பு சேர்ந்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகும் நிலைக்கு லிப்பிடீமா என்று பெயர். சிலருக்குக் கைகளிலும் வரும். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வரும் நோய் இது. பெயர் தெரிந்த மறுநாளே எல்லோரும் கேட்பது, "இனி நான் என்ன சாப்பிடக் கூடாது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும் அதை ஒட்டி வரும் கேள்விகளுக்கும் நம் வீட்டுச் சமையலை முன்னால் வைத்துப் பதில் சொல்கிறேன்.

எனக்கு இருப்பது லிப்பிடீமாவா, உடல்பருமனா, யானைக்காலா?

கணுக்காலைப் பாருங்கள். லிப்பிடீமாவில் கொழுப்பு கணுக்காலோடு சட்டென்று நின்றுவிடும், பாதம் ஒல்லியாகவே இருக்கும். கொலுசு போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கொலுசுக்கு மேலே சதை ஒரு வளையம் போல மடிந்து நிற்கும், கீழே பாதத்தில் எலும்பும் நரம்பும் பழையபடி தெரியும். வெறும் உடல்பருமனில் இப்படி ஒரு எல்லைக்கோடு விழாது, தொட்டால் வலிக்கவும் செய்யாது.

நம் ஊரில் கால் பெருத்தாலே யானைக்கால் என்ற பேச்சு வந்துவிடும். அது கொசு மூலம் பரவும் புழுவால் நிணநீர்க் குழாய்கள் கெட்டு வருவது. பெரும்பாலும் ஒரு கால்தான் அதிகம் வீங்கும், பாதமும் சேர்ந்து வீங்கும், தோல் தடிக்கும். இரண்டாவது கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். யானைக்கால் போன்ற நிணநீர் வீக்கத்தில் பெரும்பாலும் தூக்க வராது, லிப்பிடீமாவில் சுலபமாக வரும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை 1940-இலேயே விவரித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனிக் குறியீடு இருக்கிறது: இஎஃப்02.2 (EF02.2). உங்கள் டாக்டர் இதைக் கேள்விப்பட்டதில்லை என்று சொன்னால் அந்தக் குறியீட்டை எழுதிக் காட்டுங்கள்.

நான் சாப்பிட்ட சாப்பாட்டால்தான் இது வந்ததா?

இல்லை. அம்மா, சித்தி, பாட்டி என்று குடும்பத்தில் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். வயதுக்கு வரும்போது, கர்ப்பத்தின்போது, மாதவிடாய் நிற்கும்போது என ஹார்மோன் மாறும் காலங்களில்தான் இது பெரும்பாலும் தொடங்கும், அல்லது கூடும். "வாயைக் கட்டு, கால் தானாகக் குறையும்" என்று வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டு வாழும் பெண்கள் நிறையப் பேர். இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் அவர்களை நோக்கி நீட்டும் இன்னொரு விரலாக யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியென்றால் சிலதைச் சாப்பிட்ட மறுநாள் கால் ஏன் கனக்கிறது, வலிக்கிறது?

லிப்பிடீமா உள்ள இடத்தில் கொழுப்பு அணுக்கள் பெருத்திருக்கும். அவற்றைச் சுற்றி, அழற்சியோடு தொடர்புடைய மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடுதலாக இருப்பதைத் திசு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கும் இடம் அது. உடல் முழுவதும் நீர் தங்கினாலும், சர்க்கரை ஏறி இறங்கினாலும் முதலில் அங்கேதான் உறைக்கும்.

உப்பு விஷயத்தில் ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. சோடியத்தையே படம் பிடிக்கும் தனிவகை எம்.ஆர்.ஐ. மூலம் லிப்பிடீமா உள்ள பெண்களின் கெண்டைக்காலைப் பார்த்தார்கள். தோலிலும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பிலும் மற்ற பெண்களைவிடச் சோடியம் அதிகமாக இருந்தது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இது. அந்தச் சோடியம் நேற்றைய ஊறுகாயிலிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் அந்தத் திசு சோடியத்தைப் பிடித்து வைக்கிறது என்பது தெரிகிறது.

சர்க்கரையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேரும். இனிப்பும் மாவும் அதிகமானால் இன்சுலின் ஏறும். ஏறிய இன்சுலின், சோடியத்தை வெளியேற்றாமல் வைத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்தைத் தூண்டும். சோடியம் தங்கினால் கூடவே தண்ணீரும் தங்கும். கொழுப்பு கரைவதையும் இன்சுலின் தடுத்து வைக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "இந்த உணவு லிப்பிடீமாவைக் கூட்டும்" என்று ஒவ்வொரு உணவாக நிரூபித்த பட்டியல் எதுவும் கிடையாது. லிப்பிடீமா வீக்கத்தில் உண்மையில் எவ்வளவு நீர், எவ்வளவு கொழுப்பு என்பதிலேயே நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதனால் "இதைத் தொட்டால் விஷம்" என்கிற மாதிரி வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

முதலில் எதைக் குறைப்பது?

குடிக்கும் சர்க்கரையை. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் காபி அல்லது டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 25 கிராமைத் தாண்டும். ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவே ஏறக்குறைய 25 கிராம்தான். மேலே ஒரு குளிர்பானம் குடித்தால் 300 மில்லியில் இன்னும் 30 கிராம் சேரும். பாலில் கலக்கும் "சத்து மாவு" பானப் பொடிகள் பலவற்றில் சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. டப்பாவைத் திருப்பி, பொருள் பட்டியலில் முதல் மூன்று பெயர்களைப் படித்தால் போதும்.

பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு சாத்துக்குடியை உரித்துச் சாப்பிடுவதும், நான்கைப் பிழிந்து வடிகட்டிக் குடிப்பதும் ஒன்றாகாது. முழுப் பழங்களை விட வேண்டியதில்லை. கொய்யா, பப்பாளி, நாவல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மாம்பழ சீசனில் ஒரு வேளைக்கு முழு மாம்பழம் என்பதைப் பாதியாக்கிக்கொண்டால் போதும்.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன்?

கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல். மற்றபடி ரத்தத்துக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான். "கருப்பட்டி காபிதானே" என்று மூன்று டம்ளர் குடித்தால் பலன் இல்லை.

சோறு, இட்லி, தோசையை விட்டுவிட வேண்டுமா?

அடியோடு விடத் தேவையில்லை, குறைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இதற்கு மட்டும் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நார்வேயில், லிப்பிடீமாவோடு உடல்பருமனும் உள்ள 70 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் நாளுக்கு 1200 கலோரிதான், 8 வாரம். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து சுமார் 75 கிராம், இன்னொன்றுக்கு சுமார் 180 கிராம். இரண்டு குழுவிலும் எடை குறைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சற்று அதிகம். ஆனால் வலி குறைந்தது அந்த ஒரு குழுவில்தான். இந்த முடிவு 2024-இல் வெளியானது.

அதற்கு முன் 2022-இல் அதே நாட்டில் 9 பெண்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. 7 வாரம் மாவுச்சத்து மிகக் குறைவான சாப்பாடு, அடுத்த 6 வாரம் அந்த ஊரின் வழக்கமான ஆரோக்கிய உணவு. முதல் பாதியில் எடையும் வலியும் இறங்கின. இரண்டாம் பாதியில் இறங்கிய எடை அப்படியே நின்றது, வலி மட்டும் திரும்பி வந்துவிட்டது. எடை குறைந்ததால் மட்டுமே வலி குறையவில்லை, தட்டில் இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. 9 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இப்போது நம் தட்டுக்கு வருவோம். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து. 75 கிராம் என்றால் நாள் முழுவதற்கும் இரண்டு கப் சோறுகூட வராது, இட்லி தோசைக்கு இடமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2025-இல் வெளியான இந்தியாப் (INDIAB) என்ற ஆய்வுப்படி இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அங்கிருந்து ஒரே நாளில் 75 கிராமுக்கு இறங்கினால் பத்து நாள் தாங்குவதே கஷ்டம்.

அதனால் நடைமுறையில் இப்படித் தொடங்கலாம். மதியம் சோற்றை ஒரு கப்போடு நிறுத்துங்கள். தட்டில் பாதி கீரை, அவரை, புடலங்காய், முட்டைகோஸ் மாதிரி ஏதாவது பொரியலும் கூட்டும். மீதியில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பனீர் இவற்றில் ஒன்று. உருளைக்கிழங்கு பொரியல் செய்கிற அன்று அதையும் சோற்றுக் கணக்கில் வையுங்கள். காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு, அதோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பச்சைப்பயறு. இரவில் பரோட்டா, சேமியா, மைதா பிரெட் இவற்றைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். காலை இட்லியைவிட அவை மோசம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா?

கம்பு, வரகு, சாமை எல்லாவற்றிலும் நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் மாவுச்சத்து அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. வரகுச் சோற்றை இரண்டு கப் சாப்பிட்டால் அரிசிச் சோற்றை ஒரு கப் சாப்பிட்டதைவிட அதிகம் உள்ளே போகும். கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். களி, அடை மாதிரி மென்று சாப்பிடும் வடிவம் பரவாயில்லை.

உப்பு எவ்வளவு?

நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சமையல், மோர், ஊறுகாய், கடைப் பண்டம் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்.

ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் உப்பு, ரசத்தில் உப்பு, பொரியலில் உப்பு. கடைசியில் மோர்ச் சோறு, அதில் ஒரு சிட்டிகை. தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். பக்கத்தில் இரண்டு அப்பளம், ஒரு மோர்மிளகாய். சாம்பாரில் உப்பைக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும், ஊறுகாயையும் அப்பளத்தையும் எடுத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அப்பளத்தில் உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். கருவாடும் வத்தலும் அப்படியே. அதனால் குழம்பில் கை வைப்பதற்கு முன்னால் தட்டின் ஓரத்தில் இருப்பவற்றை வாரத்தில் ஒரு நாள் என்று ஆக்குங்கள்.

நூடுல்ஸ் பாக்கெட், சிப்ஸ், மிக்சர், சாஸ், சூப் பொடி இவற்றில் உப்பு நாக்குக்குத் தெரிவதைவிட அதிகம். லேபிளில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள், ஒரு நாளைக்கு மொத்தம் 2000 மில்லிகிராம்தான் வரம்பு.

இந்துப்பு பயன்படுத்தலாமா?

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அளவு அதே அளவு. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது வேறு, அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், எனாலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எண்ணெய், பொரித்த பண்டம், பேக்கரி?

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, போண்டாவும், வனஸ்பதி போட்ட பப்ஸ், கிரீம் பன்னும் அழற்சிக்கு நல்லதில்லை. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் கடாயில் நாள் முழுக்கக் கொதிக்கும் எண்ணெயை யார் போய் அளப்பது? வீட்டில் நல்லெண்ணெய், கடலெண்ணெய் எதுவானாலும் அளவாக ஊற்றி, ஒருமுறை பொரித்ததை மறுபடி பொரிக்கப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். தேங்காயை ஒதுக்கும்படி லிப்பிடீமா ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

பால், கோதுமை, தக்காளி, கத்தரிக்காய், சோயா எல்லாம் கூடாது என்கிறார்களே?

லிப்பிடீமாவை வைத்துப் பார்த்தால் இவற்றை மொத்தமாக விலக்க ஆதாரம் இல்லை. குளூட்டன் ஒவ்வாமை உறுதியானவர்கள் கோதுமையை விட வேண்டும், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் தயிர், மோர் என்று மாறலாம். கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது நம் வீடுகளில் பழைய வழக்கம். உங்களுக்கு அரிப்பு வருகிறது என்றால் ஒதுக்குங்கள், வராதவர்கள் பயப்படாமல் சாப்பிடலாம். சைவ உணவுக்காரர்கள் ஒரே நேரத்தில் பால், பருப்பு, கோதுமை எல்லாவற்றையும் விட்டால் புரதம் எங்கிருந்து வரும்? தசை கரைந்தால் ஏற்கெனவே கனக்கும் காலைத் தூக்கி நடப்பது இன்னும் கஷ்டம்.

மீன், கறி, முட்டை?

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மூன்றிலும் ஒமேகா-3 உண்டு. விலையும் மற்ற மீன்களைவிடக் குறைவு. வாரம் இரண்டு நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். முட்டை, கோழி தாராளம். சாசேஜ், சலாமி, நக்கெட் மாதிரி பதப்படுத்திய கறியைத் தவிருங்கள், உப்பே போதுமான காரணம்.

மது?

குடிக்காமல் இருப்பதே நல்லது.

தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையுமா? நீர் மாத்திரை போடலாமா?

இரண்டும் வேண்டாம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, தாகத்துக்குத் தகுந்தபடி தண்ணீர் குடியுங்கள். லிப்பிடீமாவுக்கு நீர் மாத்திரை பயன்படாது என்று ஜெர்மன் மருத்துவ வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. கொழுப்பைச் சிறுநீராக வெளியேற்ற முடியாதே. பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டு, நெருஞ்சில் கஷாயமும் கால் கொழுப்பைக் குறைக்காது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்தாவது கிடைக்கும்.

எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். சர்க்கரையை நிறுத்துகிறீர்கள் என்றால் அதை மட்டும். குறைந்தது ஒரு முழு மாதவிடாய்ச் சுற்றுக்கு, முடிந்தால் ஆறு வாரம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பலருக்குக் கால் தானாகவே கனக்கும். சித்திரை வெயிலிலும், வெகுநேரம் நின்றாலும், பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு இரவெல்லாம் பயணம் செய்தாலும் அப்படியே. இதைக் கணக்கில் எடுக்காமல் "நேற்று தயிர் சாப்பிட்டேன், அதனால்தான்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

தினமும் இரவு காலண்டர் கட்டத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் எழுந்ததும், கெண்டைக்காலின் ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். எடை மிஷினைத் தினமும் ஏற வேண்டாம். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர், அதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பின்னால் நின்றுவிட்டதே என்று உடையவும் வேண்டாம்.

ஆறு வாரத்தில் வித்தியாசமே இல்லை என்றால் அந்த உணவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் ஒன்றொன்றாக விட்டுக்கொண்டே போய், கடைசியில் கல்யாண வீட்டில் இலையில் உட்காரவே பயப்படும் நிலை வரக் கூடாது.

கீட்டோ இருக்கலாமா?

மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறைதான் கீட்டோ. மேலே சொன்ன ஆய்வுகளைப் பார்த்துப் பலர் கேட்கிறார்கள். விருப்பம் இருந்தால் டயட்டீஷியன் துணையோடு முயலலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமெபிரைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும், மருந்தளவை முதலில் மாற்ற வேண்டும். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அந்த நிலையில் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பாட்டில் எப்போதாவது சிக்கல் இருந்தவர்கள், பட்டினி கிடந்து பிறகு அடக்க முடியாமல் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், கீட்டோ பக்கம் போகாமல் சோற்றை ஒரு கப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள், இஞ்சி?

சமையலில் போடும் அளவு நல்லது. அதிக வீரியமுள்ள மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அவற்றைத் தொட வேண்டாம்.

எட்டு கிலோ குறைந்தேன். முகமும் இடுப்பும் ஒட்டிவிட்டது, கால் மட்டும் அப்படியே இருக்கிறதே?

லிப்பிடீமாவில் அப்படித்தான் நடக்கும். நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று யார் சொன்னாலும் அது அறியாமை. கால் கொழுப்பு உணவுக்கு அவ்வளவாக மசியாது. ஆனாலும் அந்த எட்டு கிலோ உங்கள் முழங்காலுக்கும் நிணநீர் ஓட்டத்துக்கும் கிடைத்த விடுதலை. வலி எண் குறைந்திருக்கிறதா, படி ஏறும்போது சுலபமாக இருக்கிறதா என்று பாருங்கள். உணவோடு, அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறை, தண்ணீரில் நடப்பது அல்லது நீந்துவது மாதிரி பயிற்சி ஆகியவையும் சேர வேண்டும்.

உணவைக் குறை சொல்லிக்கொண்டிராமல் எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலித்தால் அன்றே போங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தோல் சிவந்து காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

விரலால் அழுத்தினால் குழி விழுந்து சிறிது நேரம் அப்படியே நிற்கிறதா, பாதமும் வீங்குகிறதா? ஆரம்ப லிப்பிடீமாவில் இப்படி இராது. சிறுநீரில் புரதம், தைராய்டு, ரத்தசோகை, இதயம், கல்லீரல், கால் நரம்புச் சுருள் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வலிக்காக அடிக்கடி போடும் டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் உப்பையும் நீரையும் தங்க வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள்.